இரண்டு கை நீளம்: ஒரு காத்திருப்புக் கூடத்தில் பதினோரு நிமிடங்கள்

மருத்துவமனையின் நிகழ்வுப் படிவத்தில் ‘வன்முறைக்கான தூண்டுதல்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அன்றிரவு அந்தக் கட்டத்தில் முதலில் எழுதப்பட்ட வரி: ‘மதுபோதை எனச் சந்தேகம்’. அந்த மனிதர் குடித்திருக்கவில்லை. அவருக்கு இரண்டு கை நீள தூரத்தில் பதினோரு நிமிடங்கள் நின்று பேசியவள் நான், எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அந்தப் படிவத்தில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட மனம் வரவில்லை. இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது.

அவசர சிகிச்சைப் பிரிவில் அன்று இரவுப் பணிக்கு நான் பொறுப்புச் செவிலியர். சம்பந்தப்பட்டவர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேரங்களைக் கவுண்டர் பதிவேட்டிலிருந்தும், பேச்சுகளை அங்கிருந்த நால்வரின் நினைவிலிருந்தும் ஒப்பிட்டு எடுத்தேன். நினைவுகள் முரண்பட்ட இடங்களில் இருவராவது ஒத்துச் சொன்னதை மட்டுமே வைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

இரவு 9.05 மணிக்கு, முப்பது வயதை ஒட்டிய ஒருவர், மூச்சுத் திணறலோடு இருந்த தன் தாயை அழைத்து வந்தார். தாய்க்கு அறுபதுக்கு மேல். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உடனே உள்ளே கொண்டுபோனோம். மகனிடம், “வெளியே இருங்கள், கூப்பிடுகிறோம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். மருத்துவ ரீதியில் எந்தத் தாமதமும் இல்லை. ஆக்சிஜன், மருந்துப் புகை, ரத்தப் பரிசோதனை எல்லாம் பத்து நிமிடத்துக்குள் தொடங்கிவிட்டன. 9.30 மணிக்கெல்லாம் அந்த அம்மாவின் மூச்சு சீராகத் தொடங்கியிருந்தது; என்னிடம் இரண்டு வாக்கியம் பேசவும் செய்தார்.

வெளியே நடந்தது வேறு. 9.20 மணிக்கு மகன் கவுண்டருக்கு வந்து, “அம்மா எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். “உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உட்காருங்கள்.” 9.40 மணிக்கு மறுபடி வந்தார். இந்த முறை கிடைத்த பதில், “உங்கள் முறை வரும்போது கூப்பிடுவார்கள்.” அது அவர் கேட்ட கேள்விக்கான பதிலே இல்லை. டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் நோயாளிக்குச் சொல்ல வேண்டிய பதில் அது. 9.50 மணிக்கு, அவருக்குப் பின்னால் வந்த வேறொரு குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார்கள். அதற்கு வேறு காரணம் இருந்தது. ஆனால் நாற்காலியில் இருந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

10 மணிக்குக் கவுண்டரில் ஆள் மாறினார். 10.02 மணிக்கு மூன்றாவது முறையாக வந்து நின்றவரிடம் புதிதாக உட்கார்ந்தவர் கேட்டார்: “யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள்? பேர் என்ன?”

அந்தக் கேள்வி அவருக்குள் என்ன செய்தது என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார். “அம்மா பேரே இங்கே யாருக்கும் தெரியவில்லை என்றால், அம்மா இல்லை என்றுதானே அர்த்தம்? இறந்துபோனதை என்னிடம் சொல்லத் தயங்குகிறார்கள் என்று நினைத்தேன்.”

10.04 மணிக்குக் கண்ணாடித் தடுப்பை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். நாற்காலி ஒன்றை உதைத்தார். காவலாளி ஓடி வந்து, “ஏய், என்ன சத்தம்? வெளியே போ!” என்று சொல்லிக்கொண்டே பின்னாலிருந்து அவர் மேற்கையைப் பிடித்தார். அவர் உதறினார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த இளம் செவிலியரின் மணிக்கட்டில் அந்தக் கை பட்டது. அவள் கையிலிருந்த கோப்புகள் சிதறின. யாரோ அலறினார்கள். இரண்டு மூன்று பேர் கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்கத் தொடங்கினார்கள்.

10.06 மணிக்கு நான் வெளியே வந்தேன்.

பின்னாலிருந்து வந்த கை

காவலாளியைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல. சத்தம் கேட்டதும் ஓடி வருவதுதான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர் செய்த இரண்டு காரியங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பின்னாலிருந்து பிடித்தது. அகஸ்டஸ் கின்சல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சிறைக் கைதிகளிடம் செய்த ஓர் எளிய சோதனையை 1970-இல் வெளியிட்டார். கைதியை அறையின் நடுவே நிறுத்தி, வெவ்வேறு திசைகளிலிருந்து மெல்ல நெருங்கி, ‘போதும், இதற்கு மேல் வராதீர்கள்’ என்று அவர் சொல்லும் இடத்தைக் குறித்துக்கொண்டார். வன்முறைப் பின்னணி உள்ளவர்களுக்குத் தங்களைச் சுற்றி வேண்டிய இடம், மற்றவர்களுக்கு வேண்டியதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. அதிலும் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அவர்களுக்கு அதிக இடம் தேவைப்பட்டது. மிகச் சிறிய ஆய்வு அது. பதினைந்து பேர்கூட இல்லை. நம் நிகழ்வில் இருந்தவர் கைதியும் அல்ல, வன்முறையாளரும் அல்ல. ஆனாலும் அச்சத்தின் உச்சியில் நிற்கும் எந்த உடலும் முதுகுப் பக்கம் வருவதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக நேரில் பார்த்து வருகிறேன். செவிலியரின் மணிக்கட்டில் பட்ட அந்த வீச்சு யாரையும் குறிவைத்ததல்ல. பிடியிலிருந்து விடுபட உதறிய கை அது.

இரண்டாவது, ‘ஏய், போ’. தமிழில் இது சிறிய விஷயமல்ல. நம் மொழியில் ஒருவரை ஒருமைக்கு இறக்க ஒரு விகுதி போதும். ‘போங்கள்’ என்பதில் உள்ள ‘ங்கள்’ விழுந்ததும் கேட்பவரின் முகம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் பார்க்க ஒருவரை ‘நீ’ என்று அழைத்துவிட்டால், அதன் பிறகு அவர் போராடுவது பாதி அந்த ‘நீ’யோடுதான். அதன் மறுபக்கமும் உண்டு: கொதிப்பில் இருப்பவர் நம்மை ‘நீ, வா, போ’ என்று பேசுவார். அப்போதும் நாம் ‘நீங்கள்’ என்ற இடத்திலிருந்து இறங்காமல் இருந்தால், சில நிமிடங்களில் பெரும்பாலும் அவரே அந்த இடத்துக்கு ஏறி வந்துவிடுவார். அன்றும் வந்தார். ஏழாவது நிமிடத்தில் என்னைச் ‘சிஸ்டர்’ என்றார்.

‘தம்பி’ என்று அழைத்திருக்கலாமே என்று ஒரு சக செவிலியர் கேட்டார். பல நேரங்களில் அந்தச் சொல் தண்ணீர் தெளித்ததுபோல் வேலை செய்யும். ஆனால் அறிமுகமே இல்லாத, அவமானப்பட்டு நிற்கிற ஒருவருக்குத் ‘தம்பி’ என்பது மேலிருந்து கீழே பேசுவதுபோல் கேட்கக்கூடும். முதல் நிமிடங்களில் உறவுச் சொல்லைத் தவிர்ப்பதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

முதலில் செய்தது அவரிடமல்ல

வெளியே வந்ததும் நான் பார்த்த காட்சி: அவர் சுவரோடு சுவராக, மூலையில். அவருக்கும் வாசலுக்கும் நடுவே காவலாளி. கவுண்டர்காரர், காவலாளி, ஒரு நோயாளியின் உறவினர், அட்டெண்டர் என நான்கு பேர் ஒரே நேரத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நால்வரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நான்கு வாயிலிருந்து வரும்போது அது வெறும் இரைச்சல்.

2012-இல் அமெரிக்க அவசர மனநல மருத்துவச் சங்கம் ‘பீட்டா’ என்ற திட்டத்தின் கீழ் வெளியிட்ட வழிகாட்டுதலில் பத்துக் கூறுகள் உண்டு. அவற்றில் ஒன்றில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: பேசுவது ஒருவராக இருக்க வேண்டும். நான் கையசைத்துக் காவலாளியைப் பக்கவாட்டில் நான்கு அடி தள்ளி நிற்கச் சொன்னேன். அவரை அனுப்பிவிடவில்லை, என் கண்ணுக்கு எட்டும் இடத்திலேயே இருந்தார். வாசல் திறந்தது. மூலையில் நின்றவருக்கு வெளியேற வழி தெரிந்தது. எனக்கும் பின்னால் கதவு இருந்தது. இரண்டு பேருக்கும் வழி இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் இருந்தால், அது இல்லாதவர்தான் முதலில் பாய்வார்.

அட்டெண்டரிடம், மற்றவர்களை அடுத்த கூடத்துக்கு அழைத்துப்போகச் சொன்னேன். கைப்பேசிகள் போயின. பார்வையாளர் இருக்கும்வரை யாராலும் தணிய முடியாது. தணிவது அவர்கள் கண்ணில் தோற்பதாகிவிடும்.

இவ்வளவும் சுமார் நாற்பது நொடிகளில் முடிந்தன. நான் இன்னும் அவரிடம் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. ஆனால் அவர் கத்தல் ஒரு படி இறங்கியிருந்தது.

உடல்

எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1966-இல் மனிதர்களுக்கு இடையிலான தூரங்களை வகுத்தார்: 45 சென்டிமீட்டர் வரை நெருக்கத்தின் தூரம், அங்கிருந்து 1.2 மீட்டர் வரை தனிப்பட்ட தூரம், அதற்கு மேல் 3.6 மீட்டர் வரை பொதுப் பழக்கத்தின் தூரம். அந்த அளவுகள் எல்லா மக்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தா. ஹாலே அதைச் சொல்லியிருக்கிறார். கொதிப்பில் இருப்பவரிடம் குறைந்தது இரண்டு கை நீளம் விலகி நிற்க வேண்டும் என்கிறது பீட்டா வழிகாட்டுதல். என் கை ஒன்று, அவர் கை ஒன்று. அவர் கையை நீட்டினாலும் என்னைத் தொடாது. நான் நீட்டினாலும் அவரைத் தொடாது. இந்தத் தூரம் எனக்கு மட்டும் பாதுகாப்பல்ல, அவருக்கும்தான்.

நேருக்கு நேர் நிற்கவில்லை. சற்றே கோணலாக, என் இடது தோள் அவர் பக்கம் இருக்கும்படி நின்றேன். நேராக நிற்பது மோதலுக்கான நிலை. அதோடு கோணலாக நின்றால் பின்வாங்குவதும் எளிது. கைகள் இரண்டும் வயிற்றுக்கு நேராக, விரல்கள் தெரியும்படி. பைக்குள் விட்ட கையில் என்ன இருக்கிறது என்று பயந்தவர் யோசிப்பார். மார்புக்குக் குறுக்கே கட்டிய கை ‘உன் பேச்சு எடுபடாது’ என்று சொல்லும். கண்ணை விட்டு விட்டுப் பார்த்தேன். வெறித்துப் பார்த்தால் சவால், பார்க்காமலே இருந்தால் அலட்சியம். சிரிக்கவில்லை. பதற்றத்தில் நமக்கு ஒரு சிரிப்பு வந்துவிடும். அதைவிடத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது வேறில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பயிற்சி வகுப்புகளில் ‘தகவல் பரிமாற்றத்தில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொல்லுக்கு 7 சதவீதமே’ என்று பலகையில் எழுதிப்போடுகிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து கிளம்பிய எண் அது. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பேசுபவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் அதைப் பொருத்தக்கூடாது என்று மெஹ்ரேபியனே பின்னர் எழுதினார். இது எனக்கு ஏன் முக்கியம் என்றால், அன்றிரவு என் உடல் செய்ய வேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் செய்தது. தவறியது சொல். என்னுடைய முதல் வாக்கியம் அத்தனையையும் கவிழ்க்கப் பார்த்தது.

‘முதலில் அமைதியாக இருங்கள்’

இருபது ஆண்டு அனுபவம் இருந்தும் என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: “முதலில் அமைதியாக இருங்கள். பிறகு பேசலாம்.”

அவர் ஓரடி முன்னால் வந்தார். “அமைதியா? உள்ளே இருப்பது உன் அம்மாவாக இருந்தால் நீ அமைதியாக இருப்பாயா?”

இந்த இடத்தில் நான் நிறைய நாள் நின்றிருக்கிறேன். அந்த நொடியில் என்னிடம் என்ன இருந்தது? அவருடைய அம்மா பிழைத்திருக்கிறார், பேசுகிறார் என்ற செய்தி இருந்தது. 9.30 மணியிலிருந்து என்னிடம்தான் இருந்தது. அவரைத் தணிக்கக்கூடிய ஒரே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நீ தணிந்தால்தான் தருவேன்’ என்று சொல்லியிருக்கிறேன். அமைதியை விலையாகக் கேட்டேன். நான் மட்டுமல்ல, அந்த ஒரு மணி நேரமும் மருத்துவமனை முழுக்க அவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது: உட்காருங்கள், காத்திருங்கள், சத்தம் போடாதீர்கள். பதிலுக்கு எதுவும் தரவில்லை.

நான் அரையடி பின்வாங்கினேன். இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் அதை அவர் பார்த்தார். “நான் சொன்னது தப்பு” என்றேன். “நான் இந்தப் பிரிவின் பொறுப்புச் செவிலியர். உங்கள் அம்மாவின் பக்கத்திலிருந்துதான் வருகிறேன். அம்மா கண் விழித்திருக்கிறார். பேசுகிறார்.”

அவருக்கு அது கேட்கவில்லை. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. “எல்லாரும் பொய் சொல்கிறீர்கள்” என்று கத்தினார். கொதிப்பின் உச்சியில் காது அடைத்துக்கொள்ளும். அதனால்தான் வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப வர வேண்டும். அவர் குரலுக்குக் கீழே, வேகத்தைக் குறைத்து, அதையே மீண்டும் சொன்னேன். “அம்மா பேசுகிறார்.” சற்று விட்டு, மூன்றாவது முறை: “ஒன்பதரை மணிக்கு என்னிடம் தண்ணீர் கேட்டார்.”

மூன்றாவது முறைதான் இறங்கியது. ‘பேசுகிறார்’ என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ‘தண்ணீர் கேட்டார்’ என்பதைப் பக்கத்தில் இருந்தவர்தான் சொல்ல முடியும். அவர் வாய் மூடியது. சில நொடி யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் நிரப்பவில்லை. நிரப்பாமல் இருப்பது கடினம், நாக்கு துடிக்கும்.

பிறகு அவர் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டார்: “மூச்சு விட முடிகிறதா?”

கேள்விதான் அடையாளம். கத்துகிறவர் கேள்வி கேட்கத் தொடங்கினால், பதிலைக் கேட்கவும் தயாராகிவிட்டார் என்று பொருள்.

வருவது

“வந்தபோது இருந்ததைவிட நன்றாக முடிகிறது. ஆக்சிஜன் வைத்திருக்கிறோம்” என்றேன். அதன் பிறகு, “ஒரு மணி நேரம் யாரும் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. யாருக்கும் பயம் வரும். கோபமும் வரும்” என்றேன்.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அதன் வேகம் குறைகிறது என்பதற்கு மூளை ஆய்வுகளில் ஆதாரம் உண்டு. மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அச்சமோ கோபமோ தெரியும் முகப் படங்களைக் காட்டி அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கச் சொன்னபோது, மூளையின் எச்சரிக்கை மையமான அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் படம் பார்ப்பதும் இரவில் மூலையில் நிற்பதும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நமக்குக் கோபமும் பயமும் பசியும் தூக்கமும் எல்லாம் ‘வருகின்றன’. ‘நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள்’ என்றால் அது அவரைப் பற்றிய தீர்ப்பு. ‘கோபம் வரத்தான் செய்யும்’ என்றால் கோபம் அவருக்கு வெளியே போய்விடுகிறது. வந்தது போகவும் கூடும். பலர் முன்னிலையில் ஓர் ஆணிடம் ‘பயந்துவிட்டீர்கள்’ என்று சொல்வது அவரைச் சுருக்கிவிடும். ‘யாருக்கும் பயம் வரும்’ என்பதில் அந்தச் சுருக்கு இல்லை.

அவர் தோள்கள் இறங்கின. முஷ்டி விரிந்தது. கண் கலங்கியதா என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாது; முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் தோளில் கை வைக்க என் கை நீண்டது. நிறுத்திக்கொண்டேன். சற்று முன் ஒருவர் பிடித்த கையின் தோள் அது.

எல்லை

எல்லாம் நல்லபடியாக முடிந்ததுபோல் எழுதினால் பொய்யாகிவிடும். எட்டாவது நிமிடத்தில் அவர் பார்வை காவலாளியின் மேல் விழுந்தது. “அவனை மட்டும் விடமாட்டேன்” என்று அவர் பக்கம் திரும்பினார்.

பரிவு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். நான் குரலை உயர்த்தாமல் சொன்னேன்: “அவர் உங்களைப் பின்னாலிருந்து பிடித்தது சரியில்லை. அதை நான் பேசுகிறேன். ஆனால் அவர் மேல் கை வைக்க விடமாட்டேன். வைத்தால் நான் ஆள் கூப்பிட வேண்டிவரும். அம்மாவை நீங்கள் பார்க்க முடியாமல் போகும். எனக்கு அது வேண்டாம்.” உண்மையான பகுதியை ஒப்புக்கொண்டேன், முடியாததை முடியாது என்றேன், மீறினால் என்ன நடக்கும் என்பதை மிரட்டலாக இல்லாமல் தகவலாக வைத்தேன்.

உடனே அடுத்த வாக்கியத்தில் தேர்ந்தெடுக்க இரண்டு வழி தந்தேன். “நீங்கள் அம்மாவைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வருகிறேன். அனுமதி கிடைத்தாலும் வருகிறேன், கிடைக்காவிட்டாலும் வருகிறேன். அதுவரை இங்கே உட்காருகிறீர்களா, வாசலில் காற்றாட நிற்கிறீர்களா?” இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம். ஒரு மணி நேரமாக எதையும் தீர்மானிக்க முடியாமல் இருந்தவருக்குத் தீர்மானிக்க ஒன்று கிடைத்தது.

உட்கார்ந்தார். 10.17. தான் உதைத்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, அதில்தான் உட்கார்ந்தார்.

நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தேன். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்ததை அன்று நான் செய்தவற்றிலேயே முக்கியமானதாகக் கருதுகிறேன். ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பதினைந்தாவது நிமிடம் வந்திருந்தால், நான் அவரிடம் பேசியதெல்லாம் நான்காவது முறை கேட்கப்பட்ட ‘உட்காருங்கள்’ ஆகியிருக்கும்.

உச்சிக்குப் பிறகு

கப்லான், வீலர் என்ற இருவர் 1983-இல் தாக்குதலின் சுழற்சியை ஐந்து கட்டங்களாக விவரித்தார்கள்: தூண்டுதல், ஏற்றம், உச்சம், தணிவு, அதன் பிறகு வரும் சோர்வு. நாங்கள் அடிக்கடி ஏமாறுவது நான்காவது கட்டத்தில். ஆள் உட்கார்ந்துவிட்டார் என்றால் முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். உடம்பில் ஏறிய அட்ரினலின் அவ்வளவு எளிதில் வடிவதில்லை. பயிற்சிகளில் ஒன்றரை மணி நேரம் வரை கவனமாக இருக்கச் சொல்வார்கள்.

10.40 மணிக்குக் காவலாளி, படிவத்தை நிரப்புவதற்காக, அவரிடம் நேரே போய்ப் பெயரும் முகவரியும் கேட்டார். அவர் எழுந்து நின்றுவிட்டார். குரல் மறுபடி ஏறியது. நான் உள்ளேயிருந்து ஓடி வந்து காவலாளியை அழைத்துக்கொண்டு போனேன். இன்னும் சில நொடி தாமதித்திருந்தால் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். விசாரணையும் கையெழுத்தும் காத்திருக்கலாம். 11 மணிக்கு மகன் உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் அடிபட்ட செவிலியரிடம் அவராகவே மன்னிப்புக் கேட்டார். அவள் தலையசைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

எங்கே இது உதவாது

கையில் ஆயுதம் இருந்தால் பேச நிற்கக்கூடாது. மற்றவர்களோடு வெளியேறி உதவி அழைக்க வேண்டும். இரண்டாவது, கொதிப்பில் இருப்பவர் நோயாளியே என்றால், அதை நடத்தை என்று பார்ப்பதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தவர், ஆக்சிஜன் குறைந்தவர், தலையில் அடிபட்டவர், குடியை நிறுத்திய சில நாள்களில் நடுக்கமும் குழப்பமும் வந்தவர் ஆகியோர் நம்மை அடிக்க வருவதுபோல் வருவார்கள். இவர்களிடம் மென்மையாகப் பேசுவதில் தவறில்லை. ஆனால் குளுக்கோஸ் செய்ய வேண்டிய வேலையைப் பேச்சு செய்யாது.

ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2017-இல், மனச்சிதைவு போன்ற நிலைகளில் வரும் ஆக்ரோஷத்துக்குப் பேச்சால் தணிக்கும் முறைகள் எவ்வளவு பயன்படுகின்றன என்று தேடியபோது, தகுதியான ஒரு கட்டுப்பாட்டுச் சோதனைகூடக் கிடைக்கவில்லை. பலனில்லை என்று இதற்குப் பொருளல்ல. கொதிக்கிற ஒருவரைச் சீட்டுக் குலுக்கி இரு குழுவில் ஒன்றில் போடுவது எளிதல்ல. ஆனால் இதை ஒரு மந்திரம்போல் விற்பவர்களை நம்பக்கூடாது.

சூழலை மாற்றுவதற்கு ஆதாரம் கொஞ்சம் கூடுதல். லென் பவர்ஸ் குழுவினர் இங்கிலாந்தில் 31 மனநல வார்டுகளில் நடத்திய ‘சேஃப்வார்ட்ஸ்’ ஆய்வு 2015-இல் வெளியானது. ஊழியருக்கும் நோயாளிக்கும் இடையே உறவைச் சீர்செய்யும் பத்து எளிய மாற்றங்களால் மோதல்கள் 15 சதவீதம் குறைந்தன. பிரிட்டனின் டிசைன் கவுன்சில் முன்னெடுத்த ஒரு திட்டத்தில், அவசர சிகிச்சைப் பிரிவின் சுவர்களில் ‘இப்போது நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், அடுத்து என்ன நடக்கும், ஏன் காத்திருக்கிறீர்கள்’ என்று எழுதிய பலகைகளை வைத்தார்கள். மிரட்டும் உடல்மொழியும் ஆக்ரோஷமான நடத்தையும் பாதியாகக் குறைந்தன. பலகைக்குத் தூரமும் கோணமும் குரலும் கிடையாது. அது தகவலை மட்டும் தந்தது. எனக்கு இந்த முடிவு வலிக்கிறது. ஏனென்றால் நம் நிகழ்வில் ஒரு மணி நேரத்தில் ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை வெளியே வந்து, “அம்மா பேசுகிறார்” என்று சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அந்த ஒருவர் நானாக இருந்திருக்கலாம்.

உலக அளவில் 8 முதல் 38 சதவீதம் மருத்துவப் பணியாளர்கள் தங்கள் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண்ணுக்குள் எங்கள் இளம் செவிலியரும் இருக்கிறாள். அவளோடு இருமுறை உட்கார்ந்து பேசினோம்: அன்றே விடியற்காலையில் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. முதல் முறை அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறை, “அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கை தானாகப் பின்னால் போகிறது” என்றாள். கதவில் கண்ணாடிச் சாளரம் வைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தோம், வைத்தார்கள்.

வேறு சில மாற்றங்களும் வந்தன. உள்ளே போன நோயாளியின் உறவினரிடம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, புதிதாகச் சொல்ல ஏதும் இல்லாவிட்டாலும், ஒரு செவிலியர் போய்ப் பேச வேண்டும். கவுண்டரில் ஆள் மாறும்போது காத்திருப்பவர்களின் பட்டியலைப் பெயரோடு ஒப்படைக்க வேண்டும். காவலாளிகளுக்கு நான் தனியாக நான்கு வகுப்புகள் எடுத்தேன். அன்றிரவு பணியில் இருந்த காவலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து நெருங்கும் பயிற்சியில், நிற்பவராகத் தானே முன்வந்தார். கண்ணை மூடி நின்றவர், இன்னொருவர் மூன்றடி தூரத்தில் வரும்போதே திடுக்கிட்டுத் திரும்பினார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “படிவத்தை மாற்றி எழுதலாமா, சிஸ்டர்?” என்று கேட்டார்.

இருவரும் பதிவறைக்குப் போனோம். ‘மதுபோதை எனச் சந்தேகம்’ என்ற வரியை அவர் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே எழுதினார்: ‘தாயின் நிலை பற்றி 9.20, 9.40, 10.02 மணிக்குக் கேட்டார். பதில் தரப்படவில்லை. 10.04 மணிக்குப் பின்னாலிருந்து பிடிக்கப்பட்டார்.’ நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.